சரக்கு லிஃப்டில் போன சாம்பியன்

திருவொற்றியூர் பக்கம் ஒரு பள்ளியில் விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்ததும் எந்தக் கதையைச் சொல்லப் போகிறார் என்று எனக்குத் தெரியும். அதையேதான் சொன்னார். 1936 பெர்லின் ஒலிம்பிக். கறுப்பின வீரர் ஜெஸ்ஸி ஓவன்ஸ் நான்கு தங்கம் வென்றார். அவரோடு கை குலுக்க மனமில்லாமல் ஹிட்லர் எழுந்து போய்விட்டார். வெள்ளை இனமே உயர்ந்தது என்ற ஆணவம் மண்ணைக் கவ்வியது. நல்ல கைதட்டல்.

கூட்டம் கலைந்த பிறகு ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி என்னிடம் வந்தாள். நூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தவள், வெறுங்காலில் ஓடியவள். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு அவருக்கு என்ன வேலை கொடுத்தார்கள் அக்கா என்று கேட்டாள்.

எண்ணூர், காசிமேடு, ராயபுரம் பிள்ளைகள் இப்படித்தான் கேட்பார்கள். ஓட்டத்தின் மறுமுனையில் ஒரு வேலை இருக்க வேண்டும். ரயில்வேயோ, துறைமுகமோ, காவல்துறையோ, விளையாட்டு ஒதுக்கீட்டில் ஒரு நியமன ஆணை. அதற்காகத்தான் கண்டெய்னர் லாரிகள் நெருக்கியடிப்பதற்கு முன்னால், இருட்டோடு எழுந்து சாலையோரம் ஓடுகிறார்கள். சிறப்பு விருந்தினர் விட்ட இடத்திலிருந்து அந்தப் பெண் கேட்டாள். நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற பதில் இல்லை அது. ஆகவே இந்த வாரம் அந்த முழுக் கதை.

1913 செப்டம்பர் 12. அமெரிக்காவின் தென்பகுதியில் அலபாமா மாநிலம், ஓக்வில் என்ற சிற்றூர். ஹென்றி ஓவன்ஸ், மேரி எம்மா தம்பதிக்குப் பத்துப் பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தார் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட் ஓவன்ஸ். வீட்டில் ஜே.சி. என்று கூப்பிட்டார்கள். தாத்தா தலைமுறை அடிமையாக இருந்த தலைமுறை. 1865இல் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. ஆனால் நிலம் கைமாறவில்லை. தந்தை ஹென்றி பருத்திக்காட்டில் வாரத்துக்குப் பயிரிட்டவர். நிலம் ஆண்டையுடையது, விதை கடன், ஏர்மாடு கடன், விளைந்ததில் பங்கு, கணக்கு நோட்டு மட்டும் எப்போதும் ஆண்டை வீட்டில். இதை நான் மேலும் விளக்கத் தேவையில்லை. பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்துப் பெரியவர்களிடம் கேட்டால், பருத்திக்குப் பதில் நெல் என்று மாற்றி மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

(அதே 1913இல்தான் அண்ணல் அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்க நியூயார்க் போய் இறங்கினார். இந்த ஆண்டுப் பொருத்தத்தை மனதில் வையுங்கள், இன்னொன்று பின்னால் வரும்.)

ஜே.சி. நோஞ்சான் குழந்தை. குளிர்காலம் வந்தால் நெஞ்சுச்சளி, மூச்சுத்திணறல். வைத்தியருக்குக் கொடுக்கக் காசு கிடையாது. ஏழு வயதுக்கெல்லாம் பருத்தி எடுக்கப் போனான். ஒன்பது வயதானபோது குடும்பம் வடக்கே ரயிலேறியது. ஓஹியோ மாநிலம், கிளீவ்லாண்ட் நகரம். இரும்பு ஆலைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்த ஊர். அந்தக் காலத்தில் லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் இப்படித் தெற்கிலிருந்து வடக்கே புறப்பட்டார்கள். கூலிக்காக மட்டும் போனார்கள் என்று எழுதுவது பாதி உண்மைதான். ஆண்டையின் கணக்கு நோட்டிலிருந்தும், கும்பல் கொலைகளிலிருந்தும் தப்பிக்கப் போனார்கள். செங்கல்பட்டு ஜில்லாவின் சேரிகளிலிருந்து நம் பாட்டன்மார் துறைமுகத்துக்கும் பின்னி ஆலைக்கும் மூட்டை முடிச்சோடு வந்ததும் அப்படித்தான்.

புதிய பள்ளியில் சேர்க்கும்போது ஆசிரியை பெயர் கேட்டார். பையன் தெற்கத்தி இழுப்பில் ஜே.சி. என்றான். அவர் காதில் ஜெஸ்ஸி என்று விழுந்தது, அப்படியே எழுதிக்கொண்டார். திருத்திச் சொல்லப் பையனுக்குத் துணிச்சல் வரவில்லை. உலகம் அறிந்த பெயர் இப்படி வந்ததுதான். நம் வீடுகளிலும் பள்ளிப் பதிவேட்டில் வாத்தியார் எழுதியதே பெயராகிவிட்ட தாத்தாக்கள் உண்டு. அவர்களும் திருத்தச் சொல்லிக் கேட்டதில்லை.

ஓவன்ஸின் வாழ்க்கையில் ஒரு திருப்பம் என்று சொல்ல வேண்டுமானால் நான் பெர்லினைச் சொல்ல மாட்டேன், ஃபேர்மவுண்ட் நடுநிலைப் பள்ளியைச் சொல்வேன். அங்கே சார்லஸ் ரைலி என்ற உடற்பயிற்சி ஆசிரியர் இருந்தார். வெள்ளையர், ஐரிஷ் வம்சம். பையனின் கால்களைப் பார்த்துவிட்டு ஓட்டப் பயிற்சிக்கு வரச் சொன்னார். பயிற்சி பள்ளி விட்ட பிறகு. பள்ளி விட்டதும் ஜெஸ்ஸி செருப்புத் தைக்கும் கடைக்கு வேலைக்குப் போக வேண்டும். வேலைக்குப் போகாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. ஏழைப் பிள்ளைகளின் கதை வழக்கமாக இந்த இடத்தோடு முடிந்துவிடும். பயிற்சிக்கு ஒழுங்காக வராதவன் என்று பெயரை அடித்துவிட்டு அடுத்த பையனைத் தேடுவார்கள். ரைலி நேரத்தை மாற்றினார். காலையில், பள்ளி தொடங்குவதற்கு முன்னால், ஒரு பையனுக்காக வந்து நின்றார். பையன் பசியோடு ஓடுகிறான் என்று தெரிந்ததும் தன் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு நாள் ரைலி அவனைக் குதிரைப் பந்தய மைதானத்துக்கு அழைத்துப் போனார். குதிரை ஓடும்போது அதன் முகத்தைப் பார் என்றார். முகத்தில் முக்கலும் முனகலும் இல்லை, தலை ஆடுவதில்லை, கால் தரையைத் தொட்டதும் எடுத்துவிடுகிறது. தரை சுடுகிறது என்று நினைத்துக்கொண்டு ஓடு என்று கற்றுக்கொடுத்தார். ஓவன்ஸின் பழைய படச்சுருள்களைப் பார்த்தால் அது தெரியும். மற்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவார்கள், இவர் முகம் அமைதியாக இருக்கும். அந்தக் குதிரைகள் பின்னால் இவர் வாழ்க்கையில் திரும்ப வந்தன, வேறு விதமாக.

ஈஸ்ட் டெக்னிகல் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார். 1932 ஒலிம்பிக்குக்கான தேர்வுப் போட்டியில் தோற்றார். ரால்ஃப் மெட்காஃப் என்ற கல்லூரி வீரர், அவரும் கறுப்பினத்தவர், இவரைவிட வேகமாக இருந்தார். மறு ஆண்டு 1933இல் சிகாகோவில் தேசிய அளவிலான பள்ளிகள் போட்டி. நூறு கஜத்தை, அதாவது 91 மீட்டரும் சொச்சமும், 9.4 விநாடியில் ஓடினார். அது அன்றைய உலக சாதனைக்குச் சமம். நீளம் தாண்டுதலிலும் 220 கஜத்திலும் அவரே முதல். பள்ளிப் பையன் உலக சாதனையைத் தொட்டுவிட்டான். கிளீவ்லாண்ட் நகரம் ஊர்வலம் வைத்து வரவேற்றது.

கல்லூரிகள் போட்டி போட்டுக்கொண்டு கூப்பிட்டன. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தார். கறுப்பின மக்களை ஒதுக்கும் இடத்துக்குப் போகிறாரே என்று கறுப்பினப் பத்திரிகையே அவரைக் கண்டித்து எழுதியது. அவர் பார்த்தது வேறு. தந்தைக்கு ஒரு வேலை ஏற்பாடு செய்து கொடுத்தார்கள். அப்போதே ரூத் என்ற பெண்ணோடு குடும்பமாகிவிட்டார், ஒரு பெண் குழந்தையும் இருந்தது. பட்டினி வீட்டுப் பிள்ளை கொள்கை பார்த்துக் கல்லூரி தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பல்கலைக்கழகம் அவர் கால்களை எடுத்துக்கொண்டது, தங்குவதற்கு வளாகத்தில் இடம் கொடுக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் வெளியில் அறை எடுத்துத் தங்கினார்கள். உதவித்தொகை கிடையாது. உணவு விடுதியில், பெட்ரோல் பங்கில் என்று கிடைத்த வேலையெல்லாம் செய்தார். மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் இரவு நேரத்தில் லிஃப்ட் இயக்கும் வேலை கிடைத்தது. முன்பக்கத்து லிஃப்ட் அல்ல, பின்பக்கத்துச் சரக்கு லிஃப்ட். அணியோடு வெளியூர் போனால் வெள்ளை வீரர்கள் ஓட்டலுக்குள் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவருக்கும் மற்ற கறுப்பின வீரர்களுக்கும் பொட்டலம் வெளியே வரும், அல்லது ஊரில் கறுப்பர் பகுதியைத் தேடிப் போக வேண்டும். இதே ஓவன்ஸ்தான் அந்தப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணி ஒன்றுக்குத் தலைவரான முதல் கறுப்பின மாணவர்.

1935 மே 25, மிச்சிகன் மாநிலம் ஆன் ஆர்பர் மைதானம். சில நாள் முன்பு விளையாட்டாக மல்லுக்கட்டியபோது படியில் விழுந்து முதுகில் அடி. குனியவே முடியவில்லை. பயிற்சியாளர் லாரி ஸ்னைடர் உட்கார வைத்துவிடலாம் என்று யோசித்தார். ஓவன்ஸ் ஒவ்வொரு போட்டியாகப் பார்க்கலாம் என்று கெஞ்சிக் கேட்டார். பிற்பகல் 3.15க்கு நூறு கஜம்: 9.4 விநாடி, உலக சாதனைக்குச் சமம். 3.25க்கு நீளம் தாண்டுதல்: ஒரே ஒரு தாண்டல், 26 அடி 8¼ அங்குலம், 8.13 மீட்டர், உலக சாதனை. 3.34க்கு 220 கஜம்: 20.3 விநாடி, உலக சாதனை. 4 மணிக்கு 220 கஜ தாழ்தடை ஓட்டம்: 22.6 விநாடி, உலக சாதனை. முக்கால் மணி நேரம். பள்ளியில் இரண்டு பீரியடுக்குள் நடந்து முடிந்துவிட்டது. அந்தத் தாண்டல் சாதனையை 25 ஆண்டுகள் யாராலும் உடைக்க முடியவில்லை. நம் நாட்டில் கேரளத்து டி.சி.யோகன்னன் 1974 தெஹ்ரான் ஆசிய விளையாட்டில் 8.07 மீட்டர் தாண்டித் தங்கம் வாங்கினார். அதைக் கொண்டாடினோம், கொண்டாட வேண்டியதுதான். 1935இல் முதுகுவலியோடு ஓவன்ஸ் தாண்டியது அதைவிட 6 சென்டிமீட்டர் கூடுதல்.

ஓடுதளம் எப்படி இருந்தது என்பதையும் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இன்றுள்ள சிவப்பு ரப்பர் தளம் அல்ல. நிலக்கரி எரிந்து மிஞ்சிய சாம்பல் கட்டியைப் பொடித்துப் பரப்பிய பாதை. கால் வைத்து உந்தும் கட்டையும் பெர்லினில் கிடையாது. வீரர்கள் சிறு கரண்டியால் தங்களுக்கான குழியைத் தாங்களே தோண்டிக்கொண்டார்கள். நிலக்கரிச் சாம்பல் என்றால் எண்ணூர்க்காரர்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

பெர்லினுக்குப் போகலாமா என்பதே அன்று பெரிய விவாதம். யூதர்களை விரட்டும் நாட்டுக்குப் போகக் கூடாது என்று ஒரு பக்கம். எங்கள் ஊரிலேயே எங்களை உள்ளே விடாதவர்கள் ஜெர்மனியைப் பற்றி எங்களுக்குப் பாடம் எடுக்கிறார்களா என்று கறுப்பின மக்களிடையே இன்னொரு பக்கம். கடைசியில் அமெரிக்க அணியில் 18 கறுப்பின வீரர், வீராங்கனைகள் போனார்கள். 14 பதக்கங்களோடு திரும்பினார்கள்.

ஆகஸ்ட் 3, நூறு மீட்டர், 10.3 விநாடி. பத்தில் ஒரு விநாடி பின்னால் வந்தவர் அதே மெட்காஃப். ஆகஸ்ட் 4, நீளம் தாண்டுதல். தகுதிச் சுற்றில் இரண்டு முயற்சி வீணாகி, மூன்றாவதில் தப்பித்தார். இறுதியில் 8.06 மீட்டர். இரண்டாமிடம் ஜெர்மனியின் லூட்ஸ் லாங். தகுதிச் சுற்றில் லாங்தான் வந்து யோசனை சொன்னார் என்ற கதையை ஓவன்ஸே பிற்காலத்தில் சொல்லி வந்தார், ஆனால் ஆய்வாளர்கள் அதை நம்பவில்லை. சந்தேகத்துக்கு இடமில்லாதது, தோற்ற லாங் ஹிட்லரின் கண்ணெதிரே முதல் ஆளாக வந்து ஓவன்ஸுக்கு வாழ்த்துச் சொன்னது. அந்த லாங் 1943இல் போரில் இறந்துபோனார். ஆகஸ்ட் 5, இருநூறு மீட்டர், 20.7 விநாடி. இரண்டாவது வந்தவர் மேக் ராபின்சன், கறுப்பினத்தவர். ஊருக்குத் திரும்பிய அவருக்குக் கிடைத்தது பாசடீனா நகரத்தில் தெருக் கூட்டும் வேலை. ஒலிம்பிக் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு கூட்டினார்.

ஆகஸ்ட் 9, தொடர் ஓட்டம், 39.8 விநாடி, உலக சாதனை, நான்காவது தங்கம். இந்த தங்கத்தில் ஒரு கறை உண்டு. ஓட வேண்டியிருந்த மார்ட்டி கிளிக்மன், சாம் ஸ்டோலர் இருவரும் யூதர்கள். கடைசி நேரத்தில் அமெரிக்க நிர்வாகிகளே அவர்களை நீக்கிவிட்டு ஓவன்ஸையும் மெட்காஃபையும் சேர்த்தார்கள். எனக்கு மூன்று தங்கம் போதும், அவர்களை ஓட விடுங்கள் என்று ஓவன்ஸ் பேசிப் பார்த்தார். சொன்னதைச் செய் என்று வாயை அடைத்தார்கள்.

இப்போது சிறப்பு விருந்தினரின் கதைக்கு வருவோம். முதல் நாள் ஹிட்லர் ஜெர்மானிய, பின்லாந்து வீரர்களை அழைத்துக் கை குலுக்கினார். உயரம் தாண்டுதலில் கறுப்பினத்துக் கார்னீலியஸ் ஜான்சன் வென்று பரிசு வாங்குவதற்கு முன்பே மைதானத்தை விட்டுப் போய்விட்டார். கொடுத்தால் எல்லோருக்கும் கை கொடுங்கள், இல்லையேல் யாருக்கும் வேண்டாம் என்று ஒலிம்பிக் கமிட்டி சொன்னது. ஹிட்லர் யாருக்கும் வேண்டாம் என்று முடிவெடுத்தார். மறுநாள்தான் ஓவன்ஸ் வென்றார். ஆக, அவமதிக்கப்பட்டவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அது ஜான்சன். ஹிட்லருக்கு நான் சாக்குச் சொல்லவில்லை. அந்த ஒரு கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வதில் அமெரிக்காவுக்கு ஒரு வசதி இருந்தது. குற்றவாளி எப்போதும் அடுத்த நாட்டுக்காரனாகவே இருப்பான்.

அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஓவன்ஸுக்கு ஒரு தந்திகூட அனுப்பவில்லை. வெள்ளை மாளிகைக்கு அழைக்கவும் இல்லை. நியூயார்க்கில் ஊர்வலம் நடந்தது. உயர்ந்த கட்டடங்களிலிருந்து காகிதத் துண்டுகள் மழையாகக் கொட்டின. விருந்து வால்டார்ஃப் அஸ்டோரியா ஓட்டலில். தன் பெயரில் நடக்கும் விருந்துக்கு ஓவன்ஸ் முன்வாசல் வழியாகப் போக முடியவில்லை, சரக்கு லிஃப்டில் மேலே போனார். மாணவனாக இருந்தபோது இரவில் இயக்கினாரே, அதே மாதிரி லிஃப்ட். நடுவில் நான்கு தங்கம்.

1936. அதே ஆண்டு லாகூர்க்காரர்கள் அண்ணல் அம்பேத்கரைத் தலைமையுரைக்கு அழைத்துவிட்டு, உரையைப் படித்துப் பார்த்ததும் அழைப்பைத் திரும்பப் பெற்றார்கள். அவர் அதைச் சாதி ஒழிப்பு என்ற நூலாகத் தன் செலவில் அச்சிட்டார். ஓட்டலாக இருந்தாலும் மேடையாக இருந்தாலும் அழைத்தவன் வாசலில்தான் இருக்கிறது சங்கதி. நம் பல்வாங்கர் பாலூவை நினைத்துப் பாருங்கள். 1911இல் இந்திய அணியோடு இங்கிலாந்து போய் நூறு விக்கெட்டுக்கு மேல் எடுத்த சுழல்பந்து வீரர், தலித். அவர் பந்து வேண்டியிருந்தது. தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, மண்குவளையில் தேநீர்.

ஓவன்ஸின் ஓட்ட வாழ்க்கை பெர்லினிலிருந்து சில நாளிலேயே முடிந்துபோனது. அமெரிக்க விளையாட்டுச் சங்கம் தன் வருமானத்துக்காக வீரர்களை ஊர் ஊராக ஐரோப்பாவில் ஓட விட்டது. வீரர்கள் கையில் காசு கிடையாது. இளைத்துக் களைத்த ஓவன்ஸ் சுவீடனுக்கு வர மாட்டேன், வீட்டுக்குப் போகிறேன் என்றார். உடனே தடை. இனி எந்தப் போட்டியிலும் ஓட முடியாது. வயது 23கூட நிறையவில்லை. நூறு கஜத்தை இன்னும் எவ்வளவு குறைத்திருப்பார், எட்டரை மீட்டர் தாண்டியிருப்பாரா என்பதெல்லாம் அங்கேயே நின்றுபோயின.

வந்து குவிவதாகச் சொன்ன சினிமா, விளம்பர வாய்ப்புகள் பெரும்பாலும் காற்றில் போயின. 1936 டிசம்பரில் கியூபாவின் ஹவானா நகரில் ஒரு காட்சி ஏற்பாடு செய்தார்கள். ஒலிம்பிக் வீரருக்கும் குதிரைக்கும் பந்தயம். மனிதனுக்கு 40 கஜம் முன்னால் விட்டுக்கொடுத்தார்கள். ஓவன்ஸ் ஜெயித்தார். பிறகு பல ஊர்களில், பேஸ்பால் ஆட்டத்தின் நடுவே, குதிரையோடும் நாயோடும் மோட்டார் சைக்கிளோடும் ஓடினார். குதிரையின் முகத்தைப் பார் என்று ரைலி காட்டிக் கொடுத்தபோது இப்படி ஒரு நாள் வரும் என்று இருவருமே நினைத்திருக்க மாட்டார்கள். பலர் இதைக் கேவலம் என்றார்கள். வீட்டில் மனைவி, பிள்ளைகள் சாப்பிட வேண்டும், நான்கு தங்கத்தைச் சமைக்க முடியாது என்பதுதான் அவர் பதிலாக இருந்தது.

அந்தப் பெண் கேட்ட வேலை விஷயத்துக்கு வருகிறேன். கிளீவ்லாண்டில் குழந்தைகள் விளையாட்டுத் திடலைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பெட்ரோல் பங்கில் வேலை செய்தார். டிரை கிளீனிங் கடை வைத்து, 1939இல் திவாலானார். பட்டம் முடிக்கலாம் என்று 1940இல் மறுபடி கல்லூரிக்குப் போனார், முடிக்க முடியவில்லை. போர்க்காலத்தில் ஃபோர்டு ஆலையில் கறுப்பினத் தொழிலாளர்களைக் கவனிக்கும் பொறுப்பில் இருந்தார். சிகாகோவுக்குக் குடிபோன பிறகுதான், சொற்பொழிவுகளாலும் விளம்பர வேலைகளாலும், நிலை தேறியது. 1955இல் அமெரிக்க அரசு தன் நல்லெண்ணத் தூதராக அவரை இந்தியாவுக்கும் மலாயாவுக்கும் பிலிப்பைன்ஸுக்கும் அனுப்பியது. அமெரிக்காவில் நிறவெறி இல்லை என்று ஆசியாவுக்குக் காட்ட அவர் முகம் தேவைப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில்தான், அவர் பிறந்த அலபாமாவில், பேருந்து இருக்கையை விட்டு எழ மறுத்த ரோசா பார்க்ஸைக் கைது செய்தார்கள்.

அவர் செய்த எல்லாவற்றோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் மேடையில் கறுப்புக் கையுறை அணிந்த கையை உயர்த்தியபோது, அவர்களைச் சமாதானம் செய்யப் போனவர் ஓவன்ஸ். 1970இல் போராட்டக்காரர்களைச் சாடி ஒரு புத்தகமும் எழுதினார். இளைஞர்கள் அவரைக் கடுமையாக ஏசினார்கள். இரண்டே ஆண்டில், நான் மாறிவிட்டேன் என்ற பொருளில் தலைப்பு வைத்து இன்னொரு புத்தகம் எழுதினார். அறுபது வயதை நெருங்குகிறவர் தான் எழுதியது தவறு என்று அச்சில் ஒப்புக்கொண்டதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. நம் இயக்கங்களில் அப்படிச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம்.

1972இல் ஓஹியோ பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது. 1976இல் அதிபர் ஃபோர்டு நாட்டின் உயரிய குடிமக்கள் விருதை அணிவித்தார். பெர்லினுக்கு 40 ஆண்டுகள் கழித்து. புகைப்பழக்கம் நுரையீரலைத் தின்றது. 1980 மார்ச் 31 அன்று அரிசோனாவில் 66 வயதில் இறந்தார். பெர்லினுக்குப் போன 18 பேரின் குடும்பத்தாரையும் வெள்ளை மாளிகைக்கு ஒருவர் அழைத்தது 2016இல், ஒபாமா காலத்தில். அந்த வீரர்களில் பெரும்பாலோர் மறைந்துவிட்டிருந்தார்கள்.

பெர்லினில் தங்கம் வென்ற ஒவ்வொருவருக்கும் பதக்கத்தோடு ஒரு ஓக் மரக்கன்றும் சிறு தொட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். ஓவன்ஸ் நான்கு கன்றுகளோடு ஊர் திரும்பினார். அவற்றில் ஒன்று கிளீவ்லாண்டில் ரோட்ஸ் உயர்நிலைப் பள்ளியில் நடப்பட்டது. பள்ளி மாணவனாக இருந்தபோது அவர் ஓடிப் பழகிய திடல் அது.